விளம்பரப் பாட்டு: திட்டியவர்கள் கேட்ட கேள்விகள்

நான் டிவி விளம்பரப் பாட்டுகளைக் காது கொடுத்துக் கேட்கிற ஆள். விளம்பரம் வந்ததும் மற்றவர்கள் ரிமோட்டைத் தேடுவார்கள், நான் இது யார் குரல் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். இந்தப் பழக்கம் வெளியே தெரிந்த நாளிலிருந்து சொந்தக்காரர்கள், நண்பர்கள், ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரர் என்று ஆளாளுக்கு என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். பாதிப் பேர் கேள்வியாக ஆரம்பிப்பதில்லை, திட்டாகத்தான் ஆரம்பிக்கிறார்கள், ஏதோ நானே அந்தப் பாட்டைப் போட்ட மாதிரி. அதிகம் வந்த கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை.

எரிச்சல் வரட்டும் என்றே இப்படிப் பாட்டுப் போடுகிறார்களா?

எரிச்சல் அவர்கள் நோக்கம் இல்லை. மறக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மறக்க முடியாததற்கும் எரிச்சலுக்கும் நடுவில் உள்ள சுவர் ரொம்ப மெல்லிசு.

நம் ஊர் டிவியில் விளம்பர நேரத்தை 10 நொடி 10 நொடியாக விற்கிறார்கள். 30 நொடிக்கு எடுத்த விளம்பரம் முதல் வாரம் முழுசாக வரும். அப்புறம் 20 ஆகும், அப்புறம் 10. அந்தப் 10 நொடிக்குள் பொருளின் பெயர் இரண்டு தடவையாவது வந்தாக வேண்டும். பல்லவி, அதன் எடுப்பு, நடுவில் வரும் வயலின் எல்லாம் வெட்டுப்பட்டு, கடைசியில் பெயரைக் கூவும் இடம் மட்டும் மிஞ்சும். நாம் வெறுப்பது பெரும்பாலும் அந்த மிச்சத்தைத்தான். யூடியூபில் தேடி 30 நொடி வடிவத்தைக் கேட்டால், 'அட, இது நல்ல பாட்டாயிற்றே' என்று தோன்றும்.

அடுத்தது எண்ணிக்கை. டி20 ஆட்டத்தில் 40 ஓவர். ஓவருக்கு ஓவர் விளம்பரம், விக்கெட் விழுந்தால் விளம்பரம், 2009-இலிருந்து ஐபிஎல்லில் டைம்-அவுட் என்று ஒன்றைப் புகுத்தி அதிலும் விளம்பரம். பெரிய ஸ்பான்சராக இருந்தால் ஒரே ராத்திரியில் ஒரே மெட்டை இருபது தடவை கேட்கிறோம். ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-இல் ஒன்றைக் காட்டினார்: ஒரு பொருளைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலே போதும், அதன்மேல் ஒரு பிரியம் வந்துவிடும். விளம்பரக்காரர்கள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். அளவு மீறினால் அதே பிரியம் கசந்துபோகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும், அதற்கு அந்தத் தொழிலில் தேய்மானம் என்றே பேச்சு. தெரிந்தும் நிறுத்துவதில்லை, ஏனென்றால் நேரத்தை ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது.

என் தீர்ப்பு: பத்துக்கு எட்டுப் பாட்டில் குற்றவாளி மெட்டு இல்லை, அதை எத்தனை தடவை போடுவது என்று கணக்குப் போட்டவர்.

இந்த வியாதியை யார் ஆரம்பித்தது?

அமெரிக்காவில் மின்னியாபொலிஸ் நகரத்து வானொலியில், 1926-ஆம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். வீட்டீஸ் என்ற கோதுமைச் செதில் உணவுக்காக நாலு ஆண்கள் சேர்ந்து பாடினார்கள். நால்வரும் முழுநேரப் பாடகர்கள் இல்லை. ஒருவர் சவ அடக்கம் செய்து தருகிறவர், ஒருவர் நீதிமன்றச் சேவகர், ஒருவர் அச்சக வேலை, ஒருவர் வியாபாரம். வாரம் 15 டாலர் கொடுத்தார்கள்.

மூன்று வருஷம் கழித்து, விற்பனை சரியில்லை என்று அந்த உணவையே கைவிடலாமா என்று கம்பெனி யோசித்தது. கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது, விற்ற 53,000 பெட்டிகளில் சுமார் 30,000 பெட்டி மின்னியாபொலிஸ் வட்டாரத்தில் மட்டும் போயிருக்கிறது. அந்தப் பாட்டு ஒலிபரப்பான ஒரே வட்டாரம் அதுதான். அப்புறம் என்ன, பாட்டை நாடு முழுக்கப் போட்டார்கள். அன்றைக்கு அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்க்காமல் விட்டிருந்தால் நமக்கு இந்தப் பிரச்சினையே இருந்திருக்காது என்று என் மைத்துனர் சொல்வார்.

இங்கே முதலில் இலங்கை வானொலி. ஆல் இந்தியா ரேடியோ விளம்பரம் வாங்காத காலத்தில் அங்கேதான் போவார்கள். 1967-இல் விவித பாரதி விளம்பரம் வாங்க ஆரம்பித்தது. சென்னையில் டிவி வந்தது 1975 ஆகஸ்டில், தூர்தர்ஷன் விளம்பரத்துக்குக் கதவைத் திறந்தது 1976 ஜனவரியில். ஆக, நம் ஊர் டிவி விளம்பரம் இல்லாமல் நிம்மதியாக ஓடியது வெறும் நாலரை மாதம்.

பாடுகிறவர்கள், மெட்டுப் போடுகிறவர்கள் எல்லாம் சினிமாவில் இடம் கிடைக்காதவர்கள்தானே?

இதுதான் எனக்குக் கோபம் வரும் கேள்வி.

வன்ராஜ் பாட்டியாவை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் படித்தவர். அப்புறம் பாரிசில் நாடியா பூலாஞ்சே என்ற மேதையிடம் பாடம் கேட்டவர். தில்லிப் பல்கலைக்கழகத்தில் மேற்கத்திய இசை சொல்லிக் கொடுத்தார். இந்தியாவில் விளம்பரத்துக்கென்று தனியாக இசை அமைத்த முதல் ஆள் என்று அவரைத்தான் சொல்வார்கள். வாழ்நாளில் அவர் போட்ட விளம்பர மெட்டுகள் ஆறாயிரத்துக்கு மேல். 1970-களின் லிரில் சோப்பு ஞாபகம் இருக்கிறதா? அருவியில் கரேன் லுனேல் குதித்து ஆட, வார்த்தையே இல்லாமல் ஒரு பெண் குரல் போகுமே, அந்த மெட்டு அவருடையது. படம் பிடித்த இடம் எங்கோ வெளிநாடு என்று நினைத்திருந்தேன். நம் கொடைக்கானல் பக்கத்துப் பாம்பார் அருவிதான். லிரில் அருவி என்றே அதற்குப் பெயர் ஒட்டிக்கொண்டது. சோப்பின் பெயர் அருவிக்கு வந்துவிட்டது, மெட்டுப் போட்டவர் பெயர் எங்கேயும் ஒட்டவில்லை.

அடுத்தவர் கேகே. 1996-இல் ரகுமான் இசையில் தமிழில் பாடியபோது, யாரோ புதுப் பையன் என்று நினைத்தோம். அவர் புதியவரே இல்லை. இந்திச் சினிமாவில் பேர் வாங்குவதற்கு முன் நாலே வருஷத்தில் 11 மொழிகளில் சுமார் 3,500 விளம்பரப் பாட்டுகள் பாடினார் என்பார்கள். ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று என்று கணக்கு வருகிறது. காலையில் பனியன், மத்தியானம் பிஸ்கட், சாயங்காலம் ஸ்கூட்டர். தெரியாத மொழியில், கேட்டுப் பத்து நிமிஷம்கூட ஆகாத மெட்டை, 30 நொடிக்குள் உணர்ச்சியோடு பாடித் தர வேண்டும். இந்தப் பயிற்சி எந்த இசைக் கல்லூரியில் கிடைக்கும்?

ஷங்கர் மகாதேவனும் அந்தப் பட்டறையில் வந்தவர்தான். 1994-இல் கேட்பரி விளம்பரத்தில் ஒரு பெண் கிரிக்கெட் மைதானத்துக்குள் ஓடி வந்து ஆடுவாளே, அதன் இந்திப் பாட்டு அவர் பாடியது. மெட்டு லூயி பேங்க்ஸ், இந்தியாவின் பெரிய ஜாஸ் பியானோ கலைஞர். இன்னும் நீளமாகச் சொல்லலாம், ஆனால் ரகுமானைப் பற்றி எப்படியும் அடுத்ததாகக் கேட்பீர்கள்.

ரகுமான் விளம்பரப் பாட்டுப் போட்டுத்தான் வந்தாராமே, நிஜமா?

நிஜம். 1987-இல் ஆல்வின் கம்பெனியின் ட்ரெண்டி கைக்கடிகாரத்துக்கு முதல் விளம்பர இசை. அப்போது அவருக்கு வயது 20. அதற்கு முன் பல இசையமைப்பாளர்களிடம் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தார். அடுத்த ஐந்து வருஷத்தில் 300-க்கும் மேற்பட்ட விளம்பரங்கள். நடுவில் கோடம்பாக்கத்து வீட்டுக் கொல்லையிலேயே சொந்த ஸ்டூடியோ கட்டிக்கொண்டார்.

லியோ காபி விளம்பரம் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கே மனப்பாடம். அந்த இசைக்கு விருது கிடைத்தது. விளம்பர உலகத்துக்காரரும் மணிரத்னத்தின் உறவினருமான சாரதா திரிலோக் அவரை மணிரத்னத்திடம் அறிமுகம் செய்துவைத்தார். 1992 ஆகஸ்டில் முதல் படம் வந்தது. மற்றது உங்களுக்கே தெரியும்.

அவருடைய ஆரம்ப காலப் பாட்டுகளின் முன்னிசையை இப்போது கேட்டால் விளம்பரப் பழக்கம் தெரியும். முதல் மூன்று நொடியிலேயே இது எந்தப் பாட்டு என்று பிடிபட்டுவிடும். பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிற ஒருவரை டிவி பக்கம் திரும்ப வைக்க மூன்று நொடிதான் கிடைக்கும் என்று பழகிய கை அது. பேர் வாங்கிய பிறகும் விளம்பரத்தை விடவில்லை. 2002-இல் ஏர்டெல்லுக்கு அவர் போட்ட சின்ன மெட்டை ரிங்டோனாக 15 கோடித் தடவைக்கு மேல் இறக்கினார்கள் என்று கணக்குச் சொல்வார்கள். அப்போது கல்யாண மண்டபத்தில் எங்காவது போன் அடித்தால் பத்துப் பேர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

டைட்டன் வாட்ச் மெட்டும் அவருடையதுதானே?

இல்லை. மெட்டு மோட்சார்ட்டுடையது. அவருடைய 25-ஆவது சிம்பொனியின் ஆரம்பம், 1773-இல் எழுதியபோது அவருக்கு 17 வயது. 1980-களின் கடைசியில் அதை டைட்டனுக்குத் தேர்ந்தெடுத்தவர் ஓகில்வி விளம்பர நிறுவனத்தின் சுரேஷ் மல்லிக். பிற்பாடு ரகுமான் கையிலும் அது மாறி வந்தது, குழப்பம் அங்கேதான். சால்ஸ்பர்க் போய்ச் சுற்றிவிட்டு வந்த என் சித்தப்பா, 'அங்கே ஒரு கச்சேரியில் டைட்டன் பாட்டை வாசித்தார்கள்' என்றார். மோட்சார்ட்டுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு இருக்க முடியாது.

திரையில் கிடார் வைத்துக்கொண்டு பாடுகிறவர்தான் நிஜமாகப் பாடுகிறாரா?

பின்னணிக் குரலில் ஊறிய நம்மவர்களுக்கு இதில் அதிர்ச்சி இல்லை. அமெரிக்கர்களுக்குத்தான் இருந்தது.

2007-இலிருந்து சில வருஷம் அங்கே ஃப்ரீகிரெடிட்ரிப்போர்ட் டாட் காம் என்று ஒரு விளம்பர வரிசை ஓடியது. கடன் வாங்குகிறவரின் வரவு செலவு ஒழுக்கத்தை மதிப்பிட்டு ஓர் அறிக்கை இருக்குமல்லவா, நம் ஊரில் சிபில் என்கிறோமே, அது போன்றது. அந்த அறிக்கையைப் பார்க்காமல் விட்டதால் வாழ்க்கை நாசமான ஓர் இளைஞன், கடற்கொள்ளைக்காரன் வேஷத்தில் ஓட்டலில் மீன் பரிமாறிக்கொண்டு, இரண்டு நண்பர்களோடு சேர்ந்து பாடுவான். அமெரிக்காவில் பாதிப் பேருக்கு அந்தப் பாட்டு மனப்பாடம், மீதிப் பேருக்கு அந்த இளைஞன்மேல் கொலைவெறி. ஒரு கட்டத்தில் இரண்டும் ஒரே ஆட்களாகிவிட்டார்கள்.

திட்டெல்லாம் வாங்கியவர் எரிக் வயலெட் என்ற மான்ட்ரியால் நடிகர். பிரெஞ்சு பேசுகிறவர். அவருக்கும் இசை தெரியும், சொந்தமாகப் பாட்டும் உண்டு. ஆனால் விளம்பரத்தில் அவர் செய்தது வாயசைப்பு மட்டும். பாடியவர் டேவிட் மூலன்ஃபெல்ட், அந்த விளம்பரத்தை எழுதிய மார்ட்டின் ஏஜென்சியில் வேலை பார்த்தவர். வார்த்தையை எழுதுகிறவரே பாடியும் கொடுத்துவிட்டார்.

இதைவிட வேடிக்கை, பெயரில் இருந்த 'ஃப்ரீ'. இலவச அறிக்கை வேண்டுமானால் மாதாமாதம் காசு கட்டும் சேவையில் சேர வேண்டும். நிஜமான இலவச அறிக்கைக்குச் சட்டப்படி வேறு இணையதளம் இருந்தது. வணிகத்தை மேற்பார்வையிடும் மத்திய ஆணையம் 2009-இல் என்ன செய்தது தெரியுமா? வழக்குப் போடுவது ஒரு பக்கம் இருக்கட்டும் என்று, அதே பாணியில் கிடார் வைத்துப் பாடும் கேலி விளம்பரங்களை அரசாங்கச் செலவில் எடுத்து வெளியிட்டது. பாட்டால் வந்ததைப் பாட்டாலேயே எடுக்கப் பார்த்தார்கள். நம் ஊர் அரசு விளம்பரங்களுக்கு அந்த நகைச்சுவை வராதா என்று ஏங்கியிருக்கிறேன்.

இந்தி விளம்பரம் தமிழில் வந்தால் மட்டும் ஏன் காது கூசுகிறது?

மெட்டு மும்பையில் இந்தி வார்த்தைக்குப் போட்டது. நம் மொழி அந்தச் சட்டைக்குள் நுழையாது.

இந்தியில் 'அப்' என்றால் இப்போது. ஒரு தட்டில் முடிந்தது. தமிழில் 'இப்போது' என்று மூன்று எழுத்தொலி வேண்டும். 'ஸ்வாத்' ஒரே மூச்சு, 'சுவை' அப்படி நிற்காது. இந்திச் சொற்கள் நிறைய மெய்யில் நறுக்கென்று முடியும், தமிழில் பெரும்பாலும் உயிரொலியில் இழுத்துக்கொண்டு முடியும். ஆகவே தமிழில் எழுதுகிறவர் ஒன்று வார்த்தைகளை நெருக்கித் திணிப்பார், இல்லையென்றால் பாதியில் முறிப்பார். அதோடு திரையில் இருக்கிறவர் வாயசைப்பும் பொருந்த வேண்டும், கம்பெனி சொன்ன நாலு வாக்குறுதியும் விட்டுப்போகக் கூடாது.

பெரிய விபத்து குறில் நெடிலில். தமிழில் குறிலை நீட்டினால் அர்த்தமே மாறும். மெட்டு நீளும் இடத்தில் 'முடி' வந்தால் 'மூடி' ஆகிவிடும். ஷாம்பு போட்டால் மூடி உதிராது என்று ஒரு பெண் உருகி உருகிப் பாடுவாள், நாம் எந்த டப்பா மூடி என்று யோசிப்போம். 'பல்' நீண்டால் 'பால்'. பற்பசை விளம்பரம் ஆவின் விளம்பரம் ஆகிவிடும். 'தன்னன தானா' என்று மெட்டைச் சொல்லும் தத்தகாரத்துக்குப் பாட்டு எழுதிப் பழகிய சினிமாப் பாடலாசிரியர் ஒருவர் இதை அரை நிமிஷத்தில் சரி செய்வார். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் போடுவது அவர்களுக்கு அன்றாடம். ஆனால் எட்டு மொழிக்கு ஒரே நாளில் டப்பிங் முடிக்கிற அவசரத்தில் அந்த அரை நிமிஷம் கிடைப்பதில்லை.

பாடுகிறவர் மும்பைக்காரராக இருந்தால் ழகரமும் ளகரமும் லகரத்திடம் சரணாகதி. அவரைக் குறை சொல்ல மாட்டேன். காகிதத்தில் தேவநாகரி எழுத்தில் எழுதியதைப் பார்த்துப் பாடுகிறார். பக்கத்தில் உட்கார்ந்து திருத்த ஒரு தமிழாளை வைத்திருக்க வேண்டியது யார் வேலை?

நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரமெல்லாம் ஒரே பாட்டு மாதிரியே இருக்கிறதே?

முதலில் நாதஸ்வரம் நாலு சுரம், கூடவே தவில், ஒரு பெண் ஹம்மிங், மணப்பெண் திரும்பிப் பார்ப்பாள், கோரஸாகக் கடைப் பெயர், கடைசியில் கிளைகள் இருக்கும் ஊர்ப் பட்டியல். ஆடி வந்தால் நாதஸ்வரம் போய்ப் பறை வரும், தள்ளுபடிக்கு அதுதான் தோது என்று நினைக்கிறார்கள் போல.

20 நொடியில் 'கல்யாணம்' என்று சொல்லியாக வேண்டுமென்றால் நாதஸ்வரத்தைவிடச் சுருக்கமான வார்த்தை தமிழில் இல்லை. அது சரி. என் வருத்தம் வேறு. அதில் பாதி நாதஸ்வரம் இல்லை, கீபோர்டில் பதிந்து வைத்த ஒலி. சீவாளி வழியாக மூச்சு போகும்போது சுரம் பிடிபடுவதற்கு முன்னால் லேசாக ஒரு பிசிறு வருமே, அது இருக்காது. மூச்சு விடாத நாதஸ்வரம் கேட்டால் ஏதோ விடுபட்ட மாதிரி தோன்றும், என்னவென்று சொல்லத் தெரியாமல் எரிச்சல் வரும். நிஜ வித்வானைக் கூப்பிட்டு வாசித்த விளம்பரங்களும் உண்டு. கண்ணை மூடிக் கேளுங்கள், வித்தியாசம் தெரியும்.

விளம்பரம் வந்ததும் டிவி சத்தம் தானாகக் கூடுகிறதா?

டிவி ஒன்றும் செய்வதில்லை. நாடகத்தில் கிசுகிசுப்பும் இருக்கும், அழுகையும் இருக்கும். சத்தம் ஏறி இறங்கும். விளம்பரத்தில் மிக்ஸிங் செய்யும்போதே இறங்கும் இடங்களையெல்லாம் மேலே தூக்கி, எல்லாவற்றையும் உச்சத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுவார்கள். உச்சம் இரண்டிலும் ஒன்றுதான், விளம்பரம் மட்டும் அங்கேயே குடியிருக்கும். காதுக்கு அது இரண்டு மடங்கு சத்தமாகப் படும்.

விதி இருக்கிறது. 1994-ஆம் வருஷத்துக் கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி விளம்பரத்தின் ஒலி அளவுக்கு மீறி இரைச்சலாக இருக்கக் கூடாது. மணிக்கு 12 நிமிஷத்துக்கு மேல் விளம்பரமும் கூடாது. இரண்டாவதை எதிர்த்துச் சேனல்கள் நீதிமன்றம் போயின. முதலாவதை எதிர்த்து யாரும் போகவில்லை, தேவைப்படவில்லை போலும். அமெரிக்காவில் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டு, 2012 டிசம்பரிலிருந்து நிகழ்ச்சியும் விளம்பரமும் ஒரே சராசரிச் சத்தத்தில் இருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள்.

இதில் நல்ல பணமா?

யாருக்கு என்பதைப் பொறுத்தது.

பாரி மனிலோ என்ற அமெரிக்கப் பாடகர் பெரிய நட்சத்திரம் ஆவதற்கு முன் விளம்பர மெட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். 1971-இல் ஸ்டேட் ஃபார்ம் காப்பீட்டு நிறுவனத்துக்கு அவர் போட்ட சிறு மெட்டு அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடுகிறது. அவருக்குக் கிடைத்தது மொத்தமே 500 டாலர். ஆனால் அதே அமெரிக்காவில் விளம்பரத்தில் பாடுகிறவருக்குத் தொழிற்சங்க ஒப்பந்தம் உண்டு. ஒலிப்பதிவுக்கு ஒரு தொகை, அப்புறம் விளம்பரம் ஓடும் ஒவ்வொரு 13 வாரச் சுற்றுக்கும் மறுபடி தொகை. மெட்டுப் போட்டவருக்கு ஒரு தடவை, பாடியவருக்குப் பல தடவை. மனிலோவே இதைச் சொல்லிப் புலம்பியிருக்கிறார்.

இங்கே பெரும்பாலும் எல்லோருக்கும் மனிலோ கணக்குதான்: ஒரே தொகை, கையெழுத்து, கும்பிடு. பாட்டு ஒரு மாதம் ஓடினாலும் சரி, உங்கள் பேரன் கேட்கும்வரை ஓடினாலும் சரி. மேலே சொன்ன வன்ராஜ் பாட்டியா 2012-இல் பத்மஸ்ரீ வாங்கியவர். 2019-இல் அவர் மருந்துச் செலவுக்கே சிரமப்படுகிறார் என்று செய்தி வந்தது. 2021-இல் 93 வயதில் இறந்தார். ஆறாயிரம் மெட்டுகளுக்கும் ஓடும்போதெல்லாம் தலா பத்துப் பைசா வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நாள் கணக்குப் போட உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் எழுந்துவிட்டேன்.

மாட்டேன் என்று சொன்ன பாடகர்கள் உண்டா?

உண்டு. சொன்னதும் விளம்பரக்காரர்கள் விட்டுவிடவில்லை. 1985-இல் ஃபோர்டு கார் விளம்பரத்துக்கு அமெரிக்கப் பாடகி பெட் மிட்லர் மறுத்தார். அவருக்குப் பத்து வருஷம் கோரஸ் பாடிய பெண்ணைக் கூப்பிட்டு, அச்சாக அவர் மாதிரியே பாட வைத்தார்கள். மிட்லரிடமே ஆளாளுக்கு வந்து நீங்கள்தானே பாடினீர்கள் என்றார்கள். வழக்குப் போட்டு 4 லட்சம் டாலர் வாங்கினார். டாம் வெய்ட்ஸ் என்பவர் விளம்பரத்தில் பாடுவதையே கேவலமாக நினைத்தவர். அவருடைய கரகரத்த குரலை இன்னொருவரை வைத்துப் போலி செய்து சோளச் சிப்ஸ் விற்றார்கள். 1990-இல் அவருக்குச் சுமார் 25 லட்சம் டாலர் தீர்ப்பானது. பாட்டுக்கு மட்டும் இல்லை, குரலுக்கும் சொந்தக்காரர் உண்டு என்று இந்த இரண்டு வழக்கும் நிலைநாட்டின.

இப்போது கோரஸ் பாடிய பெண்ணைக்கூடத் தேட வேண்டாம், கணினி போதும். 2024 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம், அரிஜித் சிங்கின் குரலை அனுமதி இல்லாமல் செயற்கை நுண்ணறிவில் உருவாக்கத் தடை போட்டது. அதே வருஷம் ரகுமான், மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஒரு படத்துக்கு இப்படித் திரும்பக் கொண்டுவந்தார், குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டு, பணமும் கொடுத்து. சினிமாவில் கேட்க ஒரு குடும்பம் இருக்கிறது. பெயரே பதியாத விளம்பரக் குரலை எடுத்தால் யாரிடம் போய்க் கேட்பார்கள்?

ஒரு விளம்பரப் பாட்டு மூன்று நாளாகத் தலைக்குள் ஓடுகிறது. என்ன செய்யலாம்?

சூயிங்கம் மெல்லுங்கள். கேலி இல்லை. இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக்கழகத்தில் 2015-இல் சோதித்துப் பார்த்தார்கள். மெல்லுகிறவர்களுக்குப் பாட்டு குறைவாகத் திரும்பி வந்தது. மனசுக்குள் பாடும்போதும் நம் வாய்த்தசைகள் ரகசியமாகத் தயாராகின்றன, அவற்றுக்கு வேறு வேலை கொடுத்தால் பாட்டு தடுமாறும். என் பாட்டி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த வரைக்கும் எந்த விளம்பரத்தையும் முணுமுணுத்து நான் பார்த்ததில்லை.

இன்னொரு வழி, முழுப் பாட்டையும் ஒரு தடவை கேட்டுவிடுவது. பாதியில் நிற்பதுதான் சுற்றிச் சுற்றி வரும், அந்தப் 10 நொடி வெட்டு ஏன் இவ்வளவு படுத்துகிறது என்பதற்கும் இதுதான் காரணம்.

பாட்டு பிடிக்கவில்லை என்று புகார் கொடுக்கலாமா?

பொய் சொல்கிறது, ஏமாற்றுகிறது, கேவலப்படுத்துகிறது என்றால் மும்பையில் இருக்கும் இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சிலுக்குக் கொடுக்கலாம். 1985-இலிருந்து இருக்கிறார்கள், சாதாரண ஆள் கொடுக்கும் புகாரையும் எடுத்துக்கொள்வார்கள். மெட்டு மட்டம் என்பதற்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை. மியூட் பட்டன்தான்.

பழைய விளம்பரத்தில் பாடியது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரும்பாலும் முடியாது. படத்துக்கு டைட்டில் கார்டு உண்டு, கேசட்டுக்கு உறை உண்டு. விளம்பரத்தில் பெயர் போட ஒரு நொடிகூட ஒதுக்க மாட்டார்கள், அந்த நொடிக்கும் காசு. இணையத்தில் ஒரே பாட்டுக்கு நாலு பேர் பெயர் போட்டிருப்பார்கள், நாலும் பிரபலமான பெயர்களாக இருக்கும். அதனாலேயே நம்பத் தோன்றாது.

சின்ன வயதில் கேட்ட ஒரு தலைவலித் தைல விளம்பரத்தின் குரலை நான் வருஷக்கணக்கில் தேடினேன். கடைசியில் அந்தக் காலத்தில் வடபழனியில் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்த ஒரு பெரியவரைப் பிடித்தேன். வயது எண்பதை நெருங்கியிருந்தது. பொருளின் பெயரைச் சொன்னதும் சிரித்தார். அன்றைக்கு மழை என்றார், தபேலா நனைந்துவிட்டது, அதனால் மேஜையைத் தட்டித் தாளம் போட்டோம் என்றார். அப்புறம் விரலால் நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டு, நான் கேட்டே இராத நடு வரிகள் உட்பட, முழுப் பாட்டையும் பாடிக் காட்டினார்.

பாடியது யார் சார் என்றேன்.

"அந்தப் பொண்ணு பேரு..." என்று ஆரம்பித்தார். மேலே பார்த்தார், மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டார், மறுபடி ஒரு தடவை முதலிலிருந்து பாடிப் பார்த்தார். வரவில்லை.